ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

அப்புத்தளையில் வீடு இருப்பதால், ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகத் திட்டமிடும் உறவினரும் நண்பரும் அவர்களுடைய நண்பர்களும் முதலில் தொலைபேசி எடுப்பது எனக்குத்தான். யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை, டொரன்டோ என்று அழைப்பு வரும் ஊர் மாறுகிறதே தவிர, சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

ஹோர்ட்டன் சமவெளியும் உலக முடிவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஹோர்ட்டன் சமவெளி என்பது நுவரெலியா மாவட்டத்தின் ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 முதல் 2,300 மீற்றர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம். 3,160 ஹெக்டேயர் பரப்புள்ள தேசிய பூங்கா. உலக முடிவு அந்தப் பூங்காவின் தென் விளிம்பில், நிலம் சடாரென்று அறுந்து சுமார் 870 மீற்றர் கீழே இறங்கும் செங்குத்துப் பாறை. பெரும்பாலானோர் அந்தப் பாறையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பூங்கா அவர்களுக்கு வழியில் வரும் புல்லாகத்தான் தெரிகிறது. அது பிழையான கணக்கு என்பது என் எண்ணம், அதற்கான காரணங்கள் கீழே வரும்.

சமவெளி என்ற பெயரை நம்பித் தட்டையான நிலத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம். மேடும் பள்ளமுமான புல்வெளி, பள்ளங்களில் ஓடை, மேடுகளில் குட்டையான காடு என்பதுதான் இதன் அமைப்பு. 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ரொபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்த சிங்களப் பெயர் மஹ எலிய. 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. சிவனொளிபாதமலைக் காடுகளுடனும் நக்கிள்ஸ் மலைத்தொடருடனும் சேர்த்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

சொந்த வாகனம் இல்லை. ரயிலில் வந்து போகேலுமா?

முடியும், ஆனால் புகையிரதம் உங்களை வாசலில் இறக்கிவிடாது. அருகிலுள்ள நிலையங்கள் பட்டிப்பொலவும் ஒஹியவும். பட்டிப்பொல நாட்டிலேயே மிக உயரத்திலுள்ள புகையிரத நிலையம். ஒஹியவிலிருந்து நடைபாதைகள் தொடங்கும் ஃபார் இன் என்ற இடம்வரை வீதி வழியாகச் சுமார் 11 கிலோமீற்றர், முழுவதும் ஏற்றம். இளைஞர்கள் சிலர் அதையே நடந்து வருகிறார்கள்; அதன் பிறகு பூங்காவுக்குள் இன்னும் நடக்க வேண்டும் என்பதை அவர்கள் உச்சியில்தான் நினைத்துக்கொள்வார்கள். நுவரெலியாவிலோ அப்புத்தளையிலோ இரவு தங்கி, விடியற்காலையில் வேன் அல்லது முச்சக்கரவண்டி பேசிக்கொண்டு வருவதே வசதி. நுவரெலியாவிலிருந்து சுமார் 32 கிலோமீற்றர்.

பகல் ரயிலில் வருபவர்கள் பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் மழையும் முகிலுமாக இருக்க, மறுபக்கம் வெளியே வரும்போது கிழக்கேயுள்ள ஊவா மாகாணத்தின் வெயில் கண்ணைக் கூசச் செய்யும் நாட்கள் உண்டு. மலையின் இரு பக்கங்களும் வெவ்வேறு பருவமழையை வாங்குவதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் இடம் வேறில்லை.

விடிய நாலு மணிக்கே எழும்பித்தான் ஆக வேணுமா? பத்து மணிக்குப் போனால் என்ன?

உலக முடிவிலிருந்து கீழே எதையாவது பார்க்க விரும்பினால், எழும்பித்தான் ஆக வேண்டும். பூங்கா காலை ஆறு மணிக்குத் திறக்கிறது; அந்நேரத்திலேயே வாசலில் நிற்பவர்களுக்குத்தான் ஏழரை, எட்டு மணியளவில் பாறை விளிம்பில் நிற்க முடியும். ஒன்பது, பத்து மணிக்குள் அந்த விளிம்பு பெரும்பாலும் மூடிவிடும்.

இதற்குக் காரணம் எளிது. தெற்கே கீழே கிடக்கும் பள்ளத்தாக்கு காலை வெயிலில் சூடேறும்போது, ஈரமான காற்று பாறை முகத்தை ஒட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, விளிம்பை அடையும்போது முகிலாகிவிடுகிறது. ஆகவே பத்து மணிக்கு நீங்கள் பார்க்கும் வெள்ளைச் சுவர் வானத்திலிருந்து இறங்கியதல்ல, உங்கள் காலடியிலிருந்து எழுந்தது. தெளிவான காலையில் கீழே தேயிலைத் தோட்டத்தின் லயன்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்), அதற்கப்பால் சமனல வாவி நீர்த்தேக்கமும் தெரியும். மிகத் தெளிவான நாட்களில் தென் கடலின் கோடும் தெரிவதுண்டு.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது மழை குறைவு, காலைகள் தெளிவு. ஆனால் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்கு இறங்கி, விடியும்போது புல்வெளி முழுவதும் வெண்பனி படிந்திருக்கும் நாட்களும் உண்டு. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக் காற்று பலமாக வீசும். குடை எவருக்கும் பயன்படாது. ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கூட்டம் முழுவதும் இங்கேயும் வரும் என்பதால், அமைதி வேண்டுபவர்கள் அந்தக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

எவ்வளவு தூரம் நடக்க வேணும்? அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி வேறு.

ஃபார் இன்னில் தொடங்கி, சின்ன உலக முடிவு என்ற ஆழம் குறைந்த பாறை விளிம்பு, உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைத் தொட்டு அங்கேயே திரும்பி வரும் சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். நின்று பார்த்து நடந்தால் மூன்று முதல் நான்கு மணி நேரம். செங்குத்தான ஏற்றம் அதிகமில்லை, பாதைதான் சிக்கல். மழைநீர் அரித்த சிவந்த மண், வேர்கள், கால் வழுக்கும் கற்கள் என்று நெடுகிலும் தரையைப் பார்த்தே நடக்க வேண்டியிருக்கும். பேக்கர் நீர்வீழ்ச்சியின் அடிக்குச் செல்லும் படிகள் இறங்கும்போது முழங்காலை உண்மையாகவே சோதிக்கும்.

அம்மாவை அழைத்து வரலாம், ஆனால் வட்டத்தை முடித்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதல் ஒரு கிலோமீற்றர் புல்வெளியும் ஓடையும்தான். அங்கே மெதுவாக நடந்து, உட்கார்ந்து, திரும்பிவிடலாம். எங்கள் பெரியம்மா அப்படித்தான் வந்தார். நாங்கள் உலக முடிவைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவர் ஒரு மரை மான் கூட்டத்தையும் இரண்டு கீரிகளையும் பார்த்து முடித்திருந்தார்.

சுவெட்டர் கட்டாயமா? சப்பாத்து எப்படியானது?

ஆறு மணிக்குச் சுவெட்டரும் காதை மூடும் தொப்பியும் வேண்டும். ஒன்பது மணிக்கு அவற்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வீர்கள். குளிருகிறது என்பதற்காக வெயில் சுடாது என்று நினைத்தவர்களின் கழுத்தும் மூக்கும் மறுநாள் உரிந்ததைக் கண்டிருக்கிறேன். இந்த உயரத்தில் வெயில் கடுமை. சப்பாத்தின் அடி தேய்ந்திருக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. மழைக்கவசம் எந்த மாதத்திலும் பையில் இருக்கட்டும்.

பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்க்கிறார்களாமே, எதற்கு?

பொலித்தீனுக்காக. நடைபாதை தொடங்கும் இடத்தில் உத்தியோகத்தர்கள் பையைத் திறந்து, பிஸ்கட்டின் உறையைப் பிரித்துக் கடதாசியில் மாற்றித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கும் மெல்லிய லேபளைக்கூட உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். முதன்முறை பார்க்கும்போது இது வேண்டாத கெடுபிடியாகத் தோன்றும். காற்று பலமான வெட்டவெளியில் அந்த லேபள் ஒருமுறை கையை விட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது என்பதையும், உப்புச் சுவை ஒட்டிய உறைகளை மரைகள் விழுங்கி இறந்திருக்கின்றன என்பதையும் அறிந்த பிறகு அப்படித் தோன்றாது.

நேரத்தை மிச்சப்படுத்த விரும்பினால், இடியப்பமோ ரொட்டியோ எதுவானாலும் வீட்டிலேயே வாழையிலையிலோ டப்பாவிலோ கட்டிக்கொண்டு வாருங்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் முறுக்குப் பைக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, மேலே சொன்ன முகில் அங்கே ஏறிக்கொண்டிருக்கும்.

பிறந்தது யாழ்ப்பாணம், பாஸ்போட் கனடா. எனக்கு எந்த டிக்கட்?

உள்ளூர்க் கட்டணம் இலங்கையின் செல்லுபடியாகும் அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்டுபவருக்கானது. பேசும் மொழிக்கோ பிறந்த ஊருக்கோ அது கிடைக்காது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை ஆவணத்தை மறக்காமல் எடுத்து வர வேண்டும். வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு அதிகம். அதோடு குழுவுக்கான சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் சேரும். தொகை அவ்வப்போது மாறுவதால் இங்கே எழுதவில்லை. நான்கைந்து பேர் ஒரே குழுவாக வந்தால் தலைக்கு விழும் தொகை சற்றுக் குறையும்.

அங்கே புலி இருக்கா? நடந்து போகும்போது வந்தால் என்ன செய்வது?

நம் மலைநாட்டில் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். வரிப்புலி இலங்கையில் இல்லை, சிங்கமும் இல்லை. அதனால் இந்தத் தீவில் சிறுத்தைக்கு மேலே வேறு வேட்டை விலங்கு கிடையாது, ஹோர்ட்டன் சமவெளியிலும் அதுவே தலைமை வேட்டைக்காரன். பெரும்பாலும் மரையை உண்டு வாழ்கிறது. அதிகாலையில் பட்டிப்பொல வாசலிலிருந்து ஃபார் இன் நோக்கிச் செல்லும் வீதியில் அதைக் கண்டவர்கள் உண்டு. சுற்றுப்பாதையில் பகலில் காண்பது அரிது. எச்சத்தையும் கால்தடத்தையும் காண வாய்ப்பு அதிகம். மனிதரைக் கண்டால் அது விலகிப் போகும். அப்படியே எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள். கூட்டமாக நின்று, பார்வையை எடுக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

உண்மையில் அச்சப்பட வேண்டியது நாமல்ல, சிறுத்தைதான். பூங்காவுக்கு வெளியே தேயிலைத் தோட்டங்களில் பன்றிக்கும் மானுக்கும் வைக்கப்படும் கம்பிக் கண்ணிகளில் அது சிக்குகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படிச் சிக்கிய கருஞ்சிறுத்தை, சிகிச்சைக்குக் கொண்டு செல்லப்பட்ட பிறகும் பிழைக்கவில்லை. தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் நம் பெண்களுக்குச் சிறுத்தை வேறு விதமான பயம், அதையும் குறைத்துச் சொல்லக் கூடாது; ஆனால் கண்ணி இருவருக்கும் உதவவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் பெரிய மானுக்குப் பழம் கொடுக்கலாமா? அது பாவம் கேட்டுக்கொண்டு வருகிறதே.

கொடுக்கக் கூடாது. அது மரை, இலங்கையின் மான் இனங்களில் மிகப் பெரியது. தமிழ்நாட்டில் கடமான் என்பார்கள். அது உங்களிடம் வருவது உங்களுக்கு முன் வந்த ஆயிரம் பேர் ஏதோ கொடுத்ததால்தான். வீதியோரத்தில் தீனிக்குக் காத்துப் பழகிய மரை வாகனங்களுக்குப் பயப்படாது. பொலித்தீனும் தின்னப் பழகும். கொம்புள்ள ஆண் மரை பையை இழுக்கும்போது குழந்தை அருகில் நிற்கக் கூடாது. பூங்கா விலங்குகளுக்கு உணவளிப்பது விதிமீறலுமாகும்.

மாலை நான்கு மணிக்குப் பிறகு ஃபார் இன் சுற்றிலுமுள்ள புல்வெளியில் மரைகள் கூட்டமாகக் காட்டிலிருந்து இறங்கி மேயும். அந்தக் காட்சிக்கு எந்தப் பழமும் தேவையில்லை.

யானையே இல்லையாமே, ஏன்?

இருந்தன. பிரித்தானியர் காலத்து வேட்டைக்காரர்கள் இந்த மேட்டுநிலத்தை யானைக்கும் மரைக்குமான வேட்டைக்களமாக வைத்திருந்தார்கள். நீர்வீழ்ச்சிக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் பேக்கர் வேட்டை நாய்களோடு மரையைத் துரத்திக் கத்தியால் குத்தியவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ் 1845இல் எங்கள் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். இதை இங்குள்ள பெரியவர்கள் சொல்லும்போது அவர்கள் குரலில் துக்கம் இருக்காது. வேட்டையோடு, கீழ்ச்சரிவுக் காடுகள் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டப்பட்டதால் யானைகள் ஏறி இறங்கிய வழிகளும் அறுந்தன. 1940களுக்குள் அவை இந்தப் பகுதியிலிருந்து மறைந்துவிட்டன.

அப்படியானால் மரையைத் தவிர வேறு என்ன பார்க்க இருக்கு?

சிறியவற்றைப் பார்க்கத் தெரிந்தவருக்கு நிறைய. மரக்கிளைகளில் அடர்ந்த ரோமத்தோடு கூடிய ஊதா முக மந்தியின் மலைநாட்டுக் கிளையினம் இருக்கிறது. அதன் உறுமல் கேட்டுச் சிறுத்தை என்று பயந்தவர்கள் பலர். ஓடைகளில் நீர்நாய் உண்டு. பறவைகளில் இலங்கைக்கே உரிய மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, மங்கிய நீல ஈப்பிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணி ஆகியவற்றை ஒரே காலையில் காணலாம். மிக அரிதான சீழ்க்கைப் பூங்குருவிக்காகவே விடியுமுன் வந்து, பட்டிப்பொல வீதியோரத்தில் ஆரெங்கா குளம் என்று அழைக்கப்படும் சிறு குட்டையருகே மூச்சடக்கி நிற்பவர்கள் உண்டு.

எனக்குப் பிடித்தவை ஓணான்கள். மூக்கு நுனியில் வெண்மையான ஒற்றைக் கொம்போடு இருக்கும் காண்டாமிருகக் கொம்பு ஓணான், பாசி படிந்த தண்டில் வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அசையாமலிருக்கும் குட்டை ஓணான் ஆகிய இரண்டும் இலங்கையின் மலைக்காடுகளுக்கு மட்டுமே உரியவை. குட்டை ஓணான் முட்டையிடாமல் குட்டி ஈனுகிறது. இவற்றைத் திருடிக் கடத்தி வெளிநாட்டில் விற்பவர்கள் இருப்பதால், நல்ல படம் கிடைத்தாலும் எடுத்த இடத்தைக் குறிப்பிட்டுப் பகிர வேண்டாம்.

இரவில் மட்டும் நடமாடும் தேவாங்கு ஒன்றும் இங்கே வாழ்கிறது. 1939க்குப் பிறகு பல பத்தாண்டுகள் எவர் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டது என்றே கருதப்பட்ட அந்த மலைத்தேவாங்கை 2009இல் ஆய்வாளர்கள் கண்டு படமெடுத்தார்கள். பகல் பயணியால் அதைக் காண முடியாது. ஆனால் நீங்கள் கடந்து போகும் குட்டைக் காட்டுக்குள் அது தூங்கிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு புல்வெளி எப்படி வந்தது? வெள்ளைக்காரன் காட்டை வெட்டியதாலா?

இந்த ஒரு குற்றத்தை அவர்கள் மேல் போட முடியாது. இங்குள்ள சதுப்பின் அடுக்குகளில் படிந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்தவர்கள், புல்லும் காடும் மாறி மாறிப் பரவிய வரலாறு இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்வதைக் காட்டியிருக்கிறார்கள். பனி, தீ, மேய்ச்சல், நீர் தேங்கும் மண் எல்லாம் சேர்ந்து பள்ளங்களைப் புல்லாகவே வைத்திருக்கின்றன. ஈரம் அதிகமான இடங்களில் இடுப்பளவு உயரமான குட்டை மூங்கில் வளர்கிறது.

சுற்றியுள்ள மலைகளையெல்லாம் தேயிலை விழுங்கியபோது இது தப்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விட வேண்டும் என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளின் தலைநீர் இந்த மலைப்பரப்பிலிருந்து இறங்குகிறது என்பதை நினைத்தால், அந்த ஆலோசனையின் பெறுமதி புரியும். சுதந்திரத்துக்குப் பிறகுதான் புல்வெளியின் ஒரு பகுதியில் விதை உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பார்த்தார்கள். அந்தத் துண்டுகளில் புல் இன்றும் வேறு மாதிரியாகத்தான் வளர்கிறது.

காட்டில் மரங்கள் வெள்ளையாகப் பட்டு நிற்கின்றனவே, தீப்பிடித்ததா?

பெரும்பாலும் இல்லை. மேலிருந்து கீழாக மரங்கள் காய்ந்து சாகும் நோய்நிலை இங்கே பல பத்தாண்டுகளாகப் பரவி வருகிறது. வறட்சி, மண்ணின் தன்மை, காற்று மாசு, இளங்கன்றுகளை மரைகள் மேய்ந்துவிடுவது என்று பல விளக்கங்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ஒற்றைக் காரணம் உறுதிப்படவில்லை. தீ என்பது தனிக் கதை. ஜனவரி முதல் மார்ச் வரை, அதாவது பயணத்துக்கு நல்லது என்று நான் மேலே சொன்ன அதே மாதங்களில், காய்ந்த புல் ஒரு சிகரெட் துண்டில் பற்றிக்கொள்ளும். புகைப்பவர்கள் பூங்காவைவிட்டு வெளியேறும்வரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

வழியோரத்தில் மஞ்சள் பூப் புதர் அழகாக இருந்தது. அதன் பெயர் என்ன? கிளை ஒடித்து நடலாமா?

அது கோர்ஸ், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட முட்புதர். பூவின் அழகை நம்ப வேண்டாம். புல்வெளிக்குள் நுழைந்தால் மரை மேயும் புல்லை மூடி, வேறு எதையும் வளரவிடாது. எண்ணெய்ப் பசையுள்ள தண்டு எளிதில் எரியும். விதை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். தொண்டர்கள் கையுறை போட்டு வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கும் செடியை நீங்கள் ஊருக்குக் கொண்டு போக வேண்டாம். அதோடு, பூங்காவிலிருந்து எந்தச் செடியையும் எடுத்துச் செல்வது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

நெலு என்பது நம் குறிஞ்சிதானே?

ஒரே குடும்பம், ஒரே பேரினம், இனம் வேறு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சியின் உறவுகளைத்தான் சிங்களத்தில் நெலு என்கிறார்கள். இங்கே பல நெலு இனங்கள் காட்டின் அடியில் புதராக வளர்கின்றன. எல்லாவற்றின் கால இடைவெளியும் ஒன்றல்ல. பன்னிரண்டு ஆண்டு கணக்கில் கூட்டமாகப் பூத்துக் காய்த்துச் சாகும் இனங்களின் பெரும் பூப்பு 2013இல் நடந்தது. விதை உதிரும் காலத்தில் காட்டுக்கோழிகள் அதைத் தின்று மயங்கித் திரியும் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். குறிஞ்சியைப் போல் மலை முழுவதும் வெட்டவெளியில் நீலமாக விரிவதை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறலாம். நெலுவைக் காண மரங்களுக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

உலக முடிவில் வேலி இருக்கா? பிள்ளைகளோடு போகலாமா?

பார்வையிடும் இடம் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் விளிம்பு நெடுகிலும் தடுப்பு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பிள்ளையின் கையைப் பெரியவர் ஒருவர் பிடித்தே இருக்க வேண்டும். பெரியவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம் என்பேன், காரணம் படம் எடுப்பது. 2015இல் நெதர்லாந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர் மனைவியைப் படமெடுப்பதற்காகப் பின்னால் நகர்ந்து தவறி விழுந்தார்; சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரத்தில் தங்கியதால் உயிர் தப்பினார், இராணுவத்தினர் கயிறு போட்டு மீட்டார்கள். அவருக்குக் கிடைத்த மரம் எல்லா இடத்திலும் இல்லை. கமெராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். முகில் மூடியிருக்கும்போது விளிம்பு எங்கே என்று தெரியாது. அப்போது முன்னால் போய் எட்டிப் பார்ப்பதில் பயனும் இல்லை.

சுற்றுப்பாதை போதாது. கிரிகல்பொத்த ஏறலாமா?

ஏறலாம். 2,389 மீற்றர் உயரமான கிரிகல்பொத்த நாட்டின் இரண்டாவது உயரமான சிகரம். 2,357 மீற்றர் உயரமான தொட்டுபொல மூன்றாவது. தொட்டுபொலவுக்குப் பட்டிப்பொல வீதியிலிருந்து ஏறும் பாதை குறுகியது. காலையில் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய் வந்துவிடலாம். கிரிகல்பொத்த வேறு கதை. ஃபார் இன்னிலிருந்து ஒரு வழிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர், பாதி வழி சேறும் குட்டை மூங்கிலும். ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுப்பாதைக்கு வழிகாட்டி தேவையில்லை, இதற்குத் தேவை. மரையின் தடமும் மனிதர் தடமும் ஒரே மாதிரித் தோன்றும் இடங்களில், முகில் இறங்கிய பிறகு தனியாக வழி கண்டுபிடிப்பது கடினம். தெளிவான நாளில் உச்சியிலிருந்து மேற்கே சிவனொளிபாதமலை தெரியும்.

இரவு உள்ளே தங்க முடியுமா?

முடியும். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் விடுதிகள் பூங்காவுக்குள் இருக்கின்றன. கூடாரம் அடிப்பதற்கு ஒதுக்கிய இடங்களும் உண்டு. இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும், நீண்ட விடுமுறை நாட்களில் இடம் கிடைப்பது கடினம். குளிரைப் பற்றி மேலே சொன்னதை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைக்கு வாங்கிய மெல்லிய கூடாரத்தில் ஜனவரி இரவைக் கழித்த என் மருமகன் விடியுமுன்பே வாகனத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டான்.

தோட்டத்துப் பக்கமாகக் குறுக்குப் பாதை ஒன்று இருக்காமே, டிக்கட் இல்லாமல் உலக முடிவுக்கே ஏறலாம் என்கிறார்கள்?

கீழ்த் தோட்டங்களிலிருந்து மேலே ஏறும் பழைய ஒற்றையடிப் பாதைகள் இருப்பது உண்மை. அனுமதிச்சீட்டில்லாமல் எந்த வழியால் பூங்காவுக்குள் நுழைந்தாலும் அது சட்டமீறல் என்பதும் உண்மை. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்றுண்டு: அந்தப் பக்கம் நீங்கள் வழுக்கி விழுந்தால், நீங்கள் உள்ளே இருப்பதே எவருக்கும் தெரியாது. பூங்காவுக்குள் பல இடங்களில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைப்பதில்லை. தோட்டத்து இளைஞர்கள் அப்படி ஏறியிருப்பார்கள். அவர்களுக்கு அந்த மலை வீட்டு முற்றம், உங்களுக்கும் எனக்கும் அப்படியல்ல. டிரோன் கொண்டு வருவது பற்றியும் இதே நபர்கள்தான் கேட்கிறார்கள்: எழுத்து அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

விடிய எழும்பிப் போயும் ஒரே மூடுபனி, உலக முடிவில் ஒன்றுமே தெரியேல்லை. காசு வீண்தானே?

இப்படிக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, திரும்பும் வழியில் எவ்வளவு வேகமாக நடந்தீர்கள் என்பதைத்தான். ஏமாற்றத்தில் எல்லோரும் வேகமாக நடந்துவிடுகிறார்கள். முகில் நாளில் மரைகள் நேரம் கழித்தும் வெட்டவெளியில் நிற்கும். பறவைகளின் குரல் கிட்டக் கேட்கும். மரத்தண்டுகளில் தொங்கும் பாசியும் அதில் ஒட்டி வாழும் சிறு ஓர்க்கிட்களும் நனைந்து பச்சையாக மின்னும். விளிம்பில் இருபது நிமிடம் பொறுத்திருந்தால் காற்று ஒருமுறை திரையை விலக்கிக் காட்டவும் கூடும், ஆனால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

போன பெப்ரவரியில் டொரன்டோவிலிருந்து வந்த தங்கையின் மகளை அழைத்துப் போனேன். உலக முடிவில் அரை மணி நேரம் நின்றும் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பேக்கர் நீர்வீழ்ச்சிக்குத் திரும்பும் வளைவில் அவள் நின்றுவிட்டாள். "மாமா, இந்தக் குச்சிக்கு மூக்கிருக்கு" என்றாள். நெலுத் தண்டில், கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு, கொம்பு ஓணான் ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொம்பின் நுனியில் ஒரு நீர்த்துளி தொங்கியது.